ரசாக் பாயின் நாலு பல் படம்

எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது மேடம். அதைத் தவிர இந்த அறையைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நாற்காலி வசதியாக இருக்கிறது, டீயில் சர்க்கரை அளவாக இருக்கிறது, நீங்களும் குரலை உயர்த்தாமல் கேட்கிறீர்கள். அந்த மின்விசிறியின் இறக்கையை மட்டும் யாராவது துடைத்துவிட்டால் நிதானமாகப் பேசலாம்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். சந்தைப் புழுதியில் கால் மணி நேரம் நின்றால் மூக்கு ஒழுகும், கண் சிவந்துவிடும். அப்பா என்னை வேனுக்குள் உட்காரவைத்து, ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்வார். பிற்காலத்தில் ஐந்து ஆலைகள் நிறுவினேன். ஒன்றிலும் பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே நின்றதில்லை. காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாசலில் இருந்தபடியேதான் நிர்வாகம் செய்தேன்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அவர் பக்கத்தில் இருந்தால் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் முழங்காலைத் தட்டுவார். பேசிப் பேசியே வளர்ந்தவன் நான். என்னைப் பார்க்கும் பார்வையிலேயே உங்கள் தீர்ப்பு தெரிகிறது. அதனால் ஒன்றும் இல்லை. விலை படியாது என்று தெரிந்தும் சரக்கைப் பிரித்துக் காட்டுவது எங்கள் குடும்பத்து மரியாதை.

பெயர் கிருபாசங்கர், வயது ஐம்பத்துமூன்று. அப்பா அந்தியூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர். ஆடிச் சந்தையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, கையோடு சேர்த்துப் பிடித்தால் ஐந்து. நூறா, ஆயிரமா என்பதை மட்டும் வாயால் சொல்வார்கள். சுற்றி இருபது பேர் நிற்பார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் உங்களுக்கு விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். காங்கேயம் பக்கத்தில் உங்கள் வீட்டிலும் காளை கட்டியிருந்ததாகச் சொன்னீர்கள். அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்த வழக்கே வேறு மாதிரிப் போயிருக்கும்.

தொழிலுக்கு வருகிறேன்.

ரசாக் பாய் கோட்டைமேட்டுக்காரர். பாலிடெக்னிக் முடித்து, பம்ப் கம்பெனிகளுக்கு அச்சு செய்துகொடுத்து, பிறகு கணபதிப் பகுதியில் தகரக் கூரை போட்ட ஷெட்டில் சொந்தமாக ஓர் இயந்திரம் செய்துகொண்டிருந்தார். இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஒரு பழைய மோட்டார் வாங்கப் போன இடத்தில் அவரைப் பார்த்தேன். மோட்டாரை வாங்கவில்லை. மனிதரை வாங்கிவிட்டேன்.

நம் பக்கம் வெள்ளைக்கல் என்று சொல்வோமே, அதில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் ஒட்டிப் பிறந்திருக்கும். பிரித்தால் ஒன்று சமையல் மேடைக்குப் போடும் செயற்கைப் பலகைக்கல்லுக்குப் போகும், மற்றது டைல்ஸுக்குப் போகும். பிரிக்காவிட்டால் இரண்டும் ரோட்டுக்குத்தான். பிரிப்பதற்கு வழக்கமாகத் தண்ணீரும் அமிலமும் வேண்டும். பாயின் இயந்திரத்துக்கு இரண்டும் வேண்டாம். கல்லை மாவாக அரைத்து, காயவைத்து, உருளையில் உரசி, மின்சாரத் தகடுகளுக்கு நடுவே கொட்டினால் போதும்.

"சண்டை போட்ட புருசன் பொண்டாட்டியாட்ட ஆளுக்கொரு பக்கம் போயிருமுங்க" என்று சிரித்தார் பாய்.

ஆழ்குழாய்க் கிணறு தோண்டித் தோண்டி ஆயிரம் அடிக்குப் போய்விட்ட நாட்டில் தண்ணீரே வேண்டாத ஆலை. இதை விற்கத் தெரியாதவன் வேறு எதையும் விற்க முடியாது. ஆனால் இயந்திரத்துக்குப் பின்னால் அதைவிடப் பெரிதாக இன்னொரு தகரக் கூடு நின்றது. அது என்ன என்று கேட்டேன். தூசியை உறிஞ்சும் சக்‌ஷன் என்றார்.

"அது ஓடுனா கல்லுல எத்தனை பர்சென்ட் பிரிஞ்சு வருதுங்க பாய்?"

"எம்பத்தாறுங்க."

"நிறுத்திப்போட்டா?"

"தொண்ணூத்திமூணு வரும். நைசுப் பொடியெல்லாம் காத்தோட போவாம நமக்கே கெடைக்கும். ஆனா நிறுத்தக் கூடாதுங்க கிருபா. அந்தப் பொடி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. சோறுன்னா செரிக்கும், இரும்புன்னாகூடத் துருப்புடிக்கும். கல்லு கல்லாவே கெடக்கும்."

எண்பத்தாறு என்றால் நல்ல இயந்திரம். தொண்ணூற்றுமூன்று என்றால் உலகத்திலேயே ஒன்று. முதலீட்டாளருக்கு முன்னால் எதை வைப்பீர்கள்? சோதனை முடியும்வரை சக்‌ஷனை நிறுத்தி ஓட்டலாம், எண்ணை நிரூபித்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்றேன். பாய் தலையைச் சொறிந்தார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டேன். "மாசம்" என்று மட்டும் வாயால் சொன்னேன்.

அவருக்குப் பழக்கமில்லை. "கூச்சமா இருக்குதுங்க" என்று நெளிந்தார். விளையாட்டாக என் ஒரு விரலைப் பிடித்தார். நான் அவர் கையைச் சேர்த்துப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். பத்து. அவர் இரண்டுக்கு வந்தார், மூன்றுக்கு வந்தார். கடைசியில் ஒருமுறை முழுக் கையும் பிறகு மூன்று விரலுமாகப் படிந்தது. எட்டு மாதம். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தையில் எல்லாரும் எப்படி ஒப்புக்கொள்வார்களோ அப்படித்தான் அவரும் ஒப்புக்கொண்டார், சிரித்துக்கொண்டே.

அந்த எட்டு மாதமும் ஷெட்டின் கதவு மூடியே இருந்தது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். பாய் உள்ளே ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். மத்தியானம் வெளியே வரும்போது புருவம், மீசை, இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். "இப்பவே தாத்தா ஆயிட்டீங்க பாய்" என்பேன். அவர் மகள் ஆஃப்ரின் அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

ஐரோப்பாவிலிருந்து ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் வந்தார்கள். கிணத்துக்கடவுக்குக் கூட்டிப்போய் ஒரு தென்னந்தோப்பில் இளநீர் வெட்டிக்கொடுத்து, பிறகு ஷெட்டுக்கு அழைத்துவந்தேன். முந்தின நாள் முழுக்கக் கழுவியிருந்தோம். தண்ணீரே வேண்டாத தொழில்நுட்பத்தைக் காட்டுவதற்கு இரண்டு லாரித் தண்ணீர் செலவானது. அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினோம். தொண்ணூற்றுமூன்று வந்தது. அவர்கள் மூக்கு மூடியைக் கழற்றாமலேயே கை குலுக்கினார்கள். ஒப்பந்தத்தில் தொண்ணூற்றுமூன்றுக்கு உத்தரவாதம் கேட்டார்கள். கொடுத்தேன். உத்தரவாதம் கொடுத்த நாளிலிருந்து சக்‌ஷன் எங்களுக்கு எதிரியாகிவிட்டது. அந்த இரண்டு பேர் கேட்காத உத்தரவாதத்தை நான் வலியப் போய்க் கொடுக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மேசைமேல் விரித்து வைத்திருக்கும் அந்தப் படத்தை நான்தான் வரைந்தேன். மூன்று பெட்டி, நடுவே அம்புக்குறி. உங்கள் ஆட்கள் இரண்டு வாரமாக அதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டதாகக் கேள்வி. எளிதுதான். மேலே இருப்பது தாய்க் கம்பெனி. அதனிடம் காப்புரிமையும் அறிவும் இருக்கும், ஆள் இருக்காது. நடுவில் கூட்டுக் கம்பெனி. அதனிடம் நிலமும் குவாரியும் இயந்திரமும் இருக்கும், அறிவு இருக்காது. கீழே ஓட்டுகிற கம்பெனி. அதனிடம் ஆட்கள் இருப்பார்கள், வேறு ஒன்றும் இருக்காது. ஒரு மேசை நாற்காலிகூட வாடகைக்குத்தான். அதன் இயக்குநர் என் டிரைவர் கவின். நல்ல பையன், கையெழுத்து அழகாகப் போடுவான்.

கீழே யாருக்காவது ஏதாவது ஆனால் ஓட்டுகிற கம்பெனியைக் கேட்க வேண்டும். அதனிடம் கொடுக்க எதுவும் இருக்காது. மேலே வந்தால் நாங்கள் அறிவாளிகள், கல்லைத் தொட்டதே இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுகிற கம்பெனியை மூடிவிட்டு வேறு பெயரில் ஒன்றைத் திறந்தோம். சட்டத்துக்குப் புறம்பாக இதில் ஒரு வரிகூட இல்லை. பட்டயக் கணக்காளர் ஒருவர் இதைத் தன் மகன் கல்யாணத்தில் என்னிடம் பாராட்டிப் பேசினார்.

முதல் ஆலை தாராபுரத்துக்குத் தெற்கே கல்லாங்காட்டுவலசில். கூட்டாளி செங்கோட்டையண்ணன். முப்பது ஏக்கர் மேட்டுக்காடு, அடியில் முழுக்க வெள்ளைக்கல். சோளம் விதைத்தால் சோளத்தட்டுகூட வராத பூமி. ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டவர், இயந்திரப் பட்டியல் வந்ததும் நிறுத்தினார்.

"ஏனுங்க தம்பி, இந்த சக்‌ஷன்ங்கறது தனியா எழுதியிருக்குது?"

"அது விருப்பப்பட்டா வாங்கிக்கறதுங்கண்ணா. மாட்டுக்குச் சலங்கையாட்ட."

"கட்டாட்டியும் உழுவுமா?"

"இன்னும் நல்லா உழுவுமுங்க."

"அப்பறம் சலங்கை எதுக்கு" என்றார். பட்டியலிலிருந்து அது போய்விட்டது. பாயின் வரைபடத்தில் அது இயந்திரத்தின் பாகம். என் பட்டியலில் அது தனிச் சாமான். இரண்டுக்கும் நடுவே நான் செய்தது ஒரு தாளை வேறு பக்கத்தில் குத்தியது மட்டும்தான்.

ஆலையில் நாற்பது பேருக்கு வேலை. எல்லாம் சுற்று வட்டாரத்து ஆட்கள். மூட்டை பிடிக்கும் இடத்தில் காளியாத்தாள் என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், வாய்த்துடுக்கு. ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் என் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். நான்கு விரற்கடை மட்டும் இறக்கினேன்.

"ஏனுங்க, இந்த மாவு ஒண்ணும் பண்ணாதுங்களா? இருமுனா வெள்ளை வெள்ளையா வருது."

"மைதா மில்லுல இருக்கறவங்களுக்கும் அப்படித்தான் அம்மணி வரும். வெல்லம் சாப்புடுங்க. தொண்டையில இருக்கற தூசியெல்லாம் வயித்துக்குப் போயிரும்."

"நீங்க மட்டும் கண்ணாடிய ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கறீங்க?"

"எனக்குத் தூசி சேராது."

"எங்களுக்கு மட்டும் சேருமாக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரமே கவுந்தப்பாடியிலிருந்து உருண்டை வெல்லம் இரண்டு மூட்டை இறக்கினேன். ஆளுக்கு ஒரு உருண்டை, தினமும், சாகும்வரை என்றுகூடச் சொல்லலாம். எந்த ஆலை முதலாளி இதைச் செய்தான்?

இனி நீங்கள் கேட்கக் காத்திருப்பது. படங்கள்.

மாட்டை வாங்கும்போது முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். ரெண்டு பல் என்றால் இளசு. நாலு பல் என்றால் வேலை வாங்க உகந்த பருவம். ஆறு பல் வந்தால் விற்றுவிட யோசிக்க வேண்டும். எட்டுப் பல்லும் வந்துவிட்டால் அதை வைத்திருப்பவன் ஏமாளி. என் அப்பா வாயைத் திறக்காமலேயே, அது அசை போடுவதைப் பார்த்தே சொல்வார். அவரால் முடிந்தது என்னால் முடியவில்லை. மனிதனுக்குப் பல் இந்த வேலைக்கு உதவாது. அதனால் நெஞ்சுப் படம் எடுத்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே வண்டி ஆலைக்கு வரும். இலவச முகாம், பந்தல், தக்காளி சாதம். எல்லாரும் வரிசையில் நின்று சட்டையைக் கழற்றிப் படம் எடுத்துக்கொள்வார்கள். படத்தை வெளியூர் டாக்டர் ஒருவர் படித்து என் ஒருவனுக்கு மட்டும் அறிக்கை அனுப்புவார். தொழில்நுட்பம் சம்பந்தப்பட்ட எல்லாத் தகவலும் தாய்க் கம்பெனியின் ரகசியச் சொத்து என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. படங்களை அதில் சேர்த்தேன். இயந்திரத்தின் விளைவுதானே? நான் அறிக்கையைக் கிழித்துவிட்டு, படத்தின் உறைமேல் பென்சிலால் எண் போடுவேன். இரண்டு என்றால் பனிபோல ஆரம்பம். நான்கு என்றால் உறுதி, ஆனால் இரண்டு மூன்று வருடம் தாங்கும். ஆறு என்றால் தீபாவளிக்குள் அனுப்பிவிட வேண்டும். எட்டு என்றால் அடுத்த நாள் அந்த ஆள் கேட்டுக்குள் வரக் கூடாது.

செங்கோட்டையண்ணன் ஒருமுறை கேட்டார். "இந்தப் படமெல்லாம் எதுக்குங்க தம்பி?"

"மாடு புடிக்கறப்பப் பல் பாக்கறதில்லீங்களாண்ணா?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பந்தலைப் பார்த்தார். பிறகு தக்காளி சாதம் நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அவர் முகாம் நாளில் ஊரில் இருப்பதில்லை.

அனுப்புவதையும் முறையாகத்தான் செய்தோம். ஆணுக்கு வேட்டி சட்டை, பெண்ணுக்குச் சேலை, ஒரு கிலோ இனிப்பு, கையில் ஒரு தொகை. காரணம் ஆர்டர் குறைந்துவிட்டது. வீட்டுக்குப் போய், பக்கத்து ஆஸ்பத்திரியில் டிபி என்று மாத்திரை சாப்பிட்டு, ஒன்றிரண்டு வருடத்தில் போய்ச் சேர்வார்கள். ஆலைக்குள் ஒருவரும் சாகவில்லை. எங்கள் பாதுகாப்புப் பலகையில் எட்டு வருடமும் பூச்சியம்தான் எழுதியிருந்தது, நீங்களே பார்த்தீர்கள்.

காளியாத்தாளின் உறையில் ஆறு போட்டேன். சேலையை வாங்கிக்கொண்டு போனவள் அரை மணி நேரத்தில் திரும்பிவந்து அதை என் கார் முகப்பில் விரித்துப் போட்டாள்.

"இதைக் கட்டிக்கிட்டுச் சாவறதுக்குங்களா?"

அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வாய்த்துடுக்குக்காரி என்று சொன்னேனே. கவின் சேலையை எடுத்து மடித்து வைத்தான். அடுத்த வருடம் வேறொருத்திக்குக் கொடுத்தோம்.

பாய் விஷயத்துக்கு வருகிறேன். அதை நானே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது முகாமில் பாயும் இருந்தார். இயந்திரத்தைச் சரிபார்க்க வந்தவர், சும்மா வரிசையில் நின்று, "எனக்கும் ஒண்ணு எடுங்க, ஓசிதானே" என்று சட்டையைக் கழற்றினார். அறிக்கை வந்தது. இரண்டு பக்கமும் மேலே மாவு தூவியது போலத் திட்டுத் திட்டாக இருந்தது. எட்டு மாதம் மூடிய ஷெட், பிறகு இந்த ஆலையின் உத்தரவாதச் சோதனைக்காக மூன்று மாதம். டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார், இவர் இனி ஒரு நாளும் தூசியில் நிற்கக் கூடாது, உடனே தொலைபேசியில் கூப்பிடவும் என்று.

நான் கூப்பிடவில்லை. ஐரோப்பியர்கள் அந்த வாரம்தான் இன்னும் நான்கு ஆலைகளுக்குக் கையெழுத்துப் போட வருவதாக இருந்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி, ஒவ்வோர் ஆலையையும் கண்டுபிடித்தவரே நேரில் நின்று ஓடவைத்துக் கொடுக்க வேண்டும். தகடுகளின் இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய அவரால் மட்டும்தான் முடியும். ஆலைக்கு மூன்று மாதம், நான்கு ஆலைக்கு ஒரு வருடம். மூன்று வருடத்தில் பரப்பிச் செய்தால் இடையில் ஓய்வு கிடைக்கும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தேன். நான்கு ஆலைக்குத் தாங்கும் என்று பட்டது. உறையில் நாலு போட்டேன்.

அடுத்த நாள் பாய் ஃபோனில் கேட்டார். "என் படத்துல என்னங்க இருந்துச்சு?"

"பழைய சளித் தழும்புங்க பாய். சின்னதுல நிமோனியா கிமோனியா வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. அஞ்சு வயசுல. பொழைக்க மாட்டேன்னாங்களாம்."

"அதுதான்."

பார்த்தீர்களா, காரணத்தை அவரே கொண்டுவந்து கொடுத்தார். "அப்ப சரிங்க" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். ஒவ்வோர் ஆலையிலும் சோதனை முடிந்ததும், "இனி சக்‌ஷனைப் போடச் சொல்லுங்க" என்பார். சொல்கிறேன் என்பேன். அவர் கிளம்பிய பிறகு யார் போட?

நான்கு ஆலைகளையும் முடித்துக் கொடுத்தார். கடைசி ஆலை காரமடைக்கு வடக்கே. அங்கே இரும்பு ஏணியில் ஏழு படி ஏறுவதற்குள் மூன்று தடவை நின்றார். ஏறிவிட்டார். தொண்ணூற்றுநான்கு வந்தது. என் கணிப்பு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

வேறு யாருக்காவது அந்த வேலையைக் கற்றுக்கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். ஆறு மாதம் தாமதமாகியிருக்கும். அதற்குள் அந்த ஐரோப்பியர்கள் வேறு நாட்டுக்குப் போயிருப்பார்கள்.

போன வருடம் பாயை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். ஆப்பிள் வாங்கிப்போனேன். அவர் வாயையும் மூக்கையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க். பேச முடியாது. பக்கத்துக் கட்டிலில் ஒருவன் அதே மாதிரி மாஸ்க்கோடு கிடந்தான். எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு என்னைத் தெரிந்தது. கல்லாங்காட்டுவலசில் மூட்டை ஏற்றியவன். அவனும் பாயும் நான்கு நாளாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கிறார்கள். பேசக்கூட வேண்டியதில்லை, இருமலைக் கேட்டாலே ஒரே தூசி என்று தெரிந்துவிடும்.

பாய் போர்வைக்குள்ளிருந்து கையை அசைத்துக் கூப்பிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். போர்வையைத் தூக்கி என் கைமேல் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூச்சமாக இருக்கிறது என்று நெளிந்த மனிதர். மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கி, "ஆளு" என்றார். அவ்வளவுதான். பிறகு என் விரல்களைத் தொட்டுத் தொட்டுக் காத்திருந்தார். எத்தனை ஆள் என்று கேட்கிறார்.

நான் அவருடைய நான்கு விரல்களைப் பிடித்தேன்.

அவர் தலையை ஆட்டினார். என் கையைச் சேர்த்துப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். பத்தா என்கிறார். நான் நான்கிலேயே நின்றேன். முதலில் குறைத்துச் சொல்வதும், சொன்னதில் நிற்பதும் எங்கள் தொழில். அவர் மறுபடி பிடித்தார். பிடி வலுவாக இருந்தது, அந்த நிலைமையிலும். நான் நான்கு. கொஞ்ச நேரம் கழித்து அவர் என் கையைப் போர்வைக்கு வெளியே தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சந்தையில் பேரம் முறிந்தால் அப்படித்தான் செய்வார்கள். எட்டாம் நாள் போய்விட்டார்.

மரணம் விசாரிக்கப் போன வீட்டில் பாயின் மனைவி சாஜிதா பேகம் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கல் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"முகாம்ல எடுத்த படத்தைக் குடுங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி எடுத்தது."

"அது கம்பெனியோட ரகசியச் சொத்துங்க. குடுக்கறதுக்கு எனக்கே அதிகாரம் இல்லை."

"நெஞ்சு அவரோடது, படம் கம்பெனியோடதா?"

"ஒப்பந்தத்துல பாயும் கையெழுத்துப் போட்டிருக்கறாருங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆஃப்ரின், கதவைச் சாத்து" என்றார். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடமான அந்தப் பெண் என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். நான் அவளுக்குக் கல்லூரி சீட்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். மறுநாள் அம்மாவும் மகளும் உங்களிடம் வந்தார்கள்.

நீங்கள் என் அலுவலக பீரோவைத் திறந்தபோதுகூட நான் கவலைப்படவில்லை. இருநூற்றுச் சொச்சம் படங்கள், உறைமேல் வெறும் பென்சில் எண்கள். கிழித்த அறிக்கைகள் எப்போதோ எரிந்துவிட்டன. படங்களையும் எரித்திருக்கலாம். தரகன் பல் பார்த்ததை மறப்பதில்லை, அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. உங்களோடு வந்த மூன்று பேரும் அதைக் கோப்பு வரிசை எண் என்று எழுதிக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் உறைகளைக் கலைத்துப் போட்டு, ஒன்று இல்லை, மூன்று இல்லை, ஐந்து இல்லை, ஏழும் இல்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டீர்கள், "இது பல்லுக் கணக்குங்களா?" என்று.

பத்து வருடத்தில் என்னை அப்படி யாரும் பிடித்ததில்லை. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தால் நான் இந்நேரம் ஆறாவது ஆலைக்குப் பூஜை போட்டிருப்பேன். ஒரு விதத்தில் சந்தோஷம்தான். தெரியாதவனிடம் தோற்றால்தான் வெட்கம்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். தூசி கொல்லும் என்று முதல் நாளிலிருந்து எனக்குத் தெரியும். யாரை எப்போது கொல்லும் என்பதும் படத்தைப் பார்த்துத் தெரியும். தெரிந்துகொண்டே தேதி குறித்து அனுப்பினேன். டைப் செய்து கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். செங்கோட்டையண்ணன் தனக்கு எதுவும் தெரியாது என்றுதான் சொல்வார். அவருக்குத் தக்காளி சாதம் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

எத்தனை பேர் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். "விரலை மடக்காம வாயில சொல்லுங்க" என்கிறீர்கள். மேசைமேல் என் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டிருப்பதை நான் கவனிக்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

பதினொன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் கவினிடம் மாலை கொடுத்தனுப்பியிருக்கிறேன், அதனால் எண்ணிக்கை சரியாகத் தெரியும். காளியாத்தாள் ஒன்பதாவது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் பதினொன்றாவது.

பன்னிரண்டு என்று எழுதுகிறீர்களே மேடம், அதை அடித்துவிடுங்கள். ரசாக் பாயை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் என் சிநேகிதர்.